புகையில்லாமல் நின்ற லாரி

மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்?" ரெண்டாவது கேள்வி, "எங்க வீட்டு மிக்ஸி சத்தம் போடுது, என்னன்னு கொஞ்சம் பாக்கறியா?" முதல் கேள்விக்கு மூணு வருஷமாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. மிக்ஸியை இதுவரை நான் திறந்ததே இல்லை. ஆனால் போன கோடை லீவில் ஒரு பழைய லாரி இஞ்சினைப் பிரித்து, கழுவி, அளந்து, திரும்ப மாட்டி, அது ஓடாமல் நின்றபோது ஏன் நின்றது என்று தேடிக் கண்டுபிடித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்தக் கதைதான் இது. ஐ.சி. இஞ்சின்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிக்கவும். நாலைந்து டூ மார்க் கேள்விக்கு நடுவிலேயே பதில் கிடைக்கும்.

வண்டி

பெரியப்பாவுக்குத் திருச்செங்கோடு பக்கம். அந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் அங்கிருந்துதான் பல மாநிலங்களுக்குப் போகின்றன. கொஞ்சம் தள்ளி நாமக்கல், லாரிக்கு பாடி கட்டுவதில் பேர் வாங்கிய ஊர். தெருவுக்கு ரெண்டு வீட்டிலாவது டிரைவரோ, கிளீனரோ, பட்டறைக்காரரோ இருப்பார். பெரியப்பா இளம் வயதில் லைன் வண்டி ஓட்டியவர். இப்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. 1989 மாடல் டாடா 1210. அதன் முதுகில் 6,000 லிட்டர் டேங்க். கல்யாண மண்டபம், கட்டட வேலை, தண்ணி வராத தெரு என்று லோடு அடிக்கிறார்.

1210 என்கிற பேரிலேயே விஷயம் இருக்கிறது. முதல் ரெண்டு எண் வண்டியின் மொத்த எடை, ஏறக்குறைய 12 டன். அடுத்த ரெண்டு எண்ணைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன், சுமார் 100. 1613 என்றால் 16 டன், 130 குதிரை. அதே மாதிரி உள்ளே இருந்த இஞ்சினின் பேர் 697. 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். ஸ்ட்ரோக் 128 மி.மீ. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், 5,675 சி.சி. வரும்.

இதற்கு ஒரு பூர்வீகமும் உண்டு. 1954-ல் டெல்கோ, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டு சேர்ந்து இங்கே லாரி செய்ய ஆரம்பித்தது. 15 வருஷ ஒப்பந்தம். 1969-ல் அது முடிந்தபோது வண்டி முகத்திலிருந்த மூணு முனை நட்சத்திரம் போய், 'டி' வந்தது. ஆனால் இஞ்சினின் ஜாடை போகவில்லை. பென்ஸின் ஓ.எம். 352-க்கும் இந்த 697-க்கும் போரும் ஒன்று, ஸ்ட்ரோக்கும் ஒன்று. எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இன்றைக்கும் பழைய டாடாவை "பென்ஸ் வண்டி" என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

அந்த பென்ஸ் வண்டிதான் ஏப்ரல் மாசம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மூணு புகார். ஒன்று, ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை. ரெண்டு, சூடானதும் ஆயில் பிரஷர் முள் கீழே படுத்துவிடுகிறது. மூணு, லோடோடு ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது.

தண்ணி வண்டிக்குச் சீசனே சித்திரை, வைகாசிதான். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் வருமானம் போச்சு. எஃப்.சி. வேறு ஜூனில் காட்ட வேண்டும். 15 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணமும் ஏறிவிட்டது. வீட்டில் ரெண்டு கட்சி. "ஒடைப்புக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருங்க" என்று அண்ணன். "வேற வண்டிக்கு டியூ கட்ட நீ வர்றியா?" என்று பெரியப்பா. கடைசியில் பெரியம்மா பேசாமல் உள்ளே போய், கழுத்துச் செயினைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தார். நகைக்கடன் ஒண்ணரை லட்சம். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. இஞ்சினைப் பிரிப்பது என்று முடிவானது.

எனக்கு செமஸ்டர் முடிந்திருந்தது. "நானும் பட்டறைக்கு வர்றேன் பெரிப்பா" என்றேன். "வா, ஆனா கரி ஒட்டுதுன்னு அழக்கூடாது" என்றார்.

அளந்தால்தான் தெரியும்

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது தாண்டியிருக்கும். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அவர் ஸ்பேனரைத் தொடவேயில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகிக் கழற்றி, அதே இடத்தில் தலைகீழாக வைத்தார். மூடி தடதடவென்று குதித்துக் கீழே விழுந்தது. "பாத்தியா அம்மிணி, ரிங்கு ஒதைக்குது" என்றார்.

இதைத்தான் நாம் புத்தகத்தில் புளோ-பை என்று படிக்கிறோம். மேலே எரிகிற வாயு, தேய்ந்த ரிங்கைத் தாண்டி கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது; காற்றை அழுத்துகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். கம்ப்ரஷன் ரேஷியோ 17 என்று வைத்துக்கொண்டு, 27 டிகிரிக் காற்றை அடியாபாட்டிக் கணக்கில் அழுத்தினால் 650 டிகிரி பக்கம் வரும். நிஜத்தில் சுவர் வழியாகக் கொஞ்சம் சூடு போய்விடும், அந்த அளவுக்கு வராது. ரிங்கும் ஒழுகினால் இன்னும் குறையும். காலையில் ஸ்டார்ட் ஆகப் பெரியப்பாவின் வண்டி அடம் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

மறுநாள் செயின் பிளாக் போட்டு இஞ்சினை இறக்கினோம். ரேடியேட்டர், பைப், வயர் எல்லாம் கழற்ற அரை நாள். பிறகு ஹெட், சம்பு, கனெக்டிங் ராடு, பிஸ்டன் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எந்த ராடு எந்த சிலிண்டரோ, எந்த மூடி எந்த ராடோ, அதே ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். மேஸ்திரி சென்டர் பஞ்சை வைத்து ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி என்று ஆறு வரை தட்டி அடையாளம் வைத்தார். எனக்கு டீசலும் பிரஷும் கொடுத்துக் கழுவச் சொன்னார். ரெண்டு நாள் கழுவினேன். இஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஒவ்வொரு துவாரமும் எங்கே போகிறது என்று கையே கற்றுக்கொள்ளும்.

போரிங் பட்டறையில் நான் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அளவுகளை எழுதுவது. ஒரு பாக்கெட் நோட்டு, ஒரு பேனா. லேத்துக்காரர் போர் கேஜை லைனருக்குள் இறக்கி மேலே, நடுவில், கீழே என்று மூணு இடத்தில், குறுக்கிலும் நெடுக்கிலுமாக அளந்து சொல்லச் சொல்ல, ஆறு சிலிண்டருக்கும் எழுதினேன். மொத்தம் 36 அளவு. மோசமானது மூணாவது சிலிண்டர். மேலே 0.45 மி.மீ. தேய்மானம், கீழே 0.08.

மேலே மட்டும் ஏன் இவ்வளவு? பிஸ்டன் மேல் முனையில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நகர்ந்துகொண்டே இருந்தால்தான் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்கும். நிற்கிற இடத்தில் படலம் அறுந்துபோகும். அதே நேரத்தில்தான் எரிகிற வாயுவின் அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருக்கிறது. மேல் ரிங்கை அது வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அதனால் லைனர் உருளையாக இல்லாமல், கொஞ்சம் புனல் மாதிரி ஆகிவிடும். விரலை உள்ளே விட்டு மேலே இழுத்தால் ஒரு விளிம்பு நகத்தில் தட்டும். டிரைபாலஜியில் ஒரு யூனிட் முழுக்கப் படித்ததை அந்த விளிம்பு ஒரு நொடியில் சொல்லியது.

கிராங்க்கையும் மைக்ரோமீட்டரில் அளந்தோம். ரெண்டு பின்கள் 0.06 மி.மீ. முட்டை வடிவம். வட்டமாக இருக்க வேண்டியது ஓவலானால் பேரிங்கின் இடைவெளி கூடும், ஆயில் அந்த இடைவெளியில் வழிந்துவிடும், பிரஷர் நிற்காது. சூட்டில் ஆயில் இளகும்போது இன்னும் மோசம். ரெண்டாவது புகாருக்கு அங்கே பதில் இருந்தது. கிராங்க்கை 0.25 அண்டர்சைஸுக்கு கிரைண்டிங் பண்ணி, அதற்கேற்ற பேரிங் வாங்கினோம். கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்க்கின் ஆயில் துளைகளில் மேஸ்திரி கம்பியில் துணி சுற்றிக் குத்தி, டீசல் விட்டு, ஏர் அடித்து, திரும்பக் குத்தினார். மூணு தடவை. "இதுக்குள்ள ஒரு துளி தூள் இருந்தா, நீ போட்ட காசு மொத்தமும் ஒரு மணி நேரத்துல தூளு."

மாட்டும் படலம்

பழைய ட்ரை லைனர்களை இழுத்துவிட்டுப் புதுசு அடித்து, போர் பண்ணி, ஹோனிங் கோடு போட்டு பிளாக் வந்தது. அந்தக் குறுக்குக் கோடுகள் அழகுக்கு இல்லை, ஆயில் தங்குவதற்கு. ரிங்கை லைனருக்குள் வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தோம். இடைவெளி அதிகமானால் ஒழுகும், குறைவானால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொண்டு லைனரைக் கீறிவிடும். டைமிங் கியர்களின் புள்ளிகளைச் சேர்த்தோம். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி, மூணு தவணையில் இறுக்கினோம். ஓரத்திலிருந்து இறுக்கினால் நடுவில் கேஸ்கெட் அமராது.

டேப்பெட் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். குளிர்ந்த இஞ்சினில் இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி அதிகம் நீளும், அதனால் அதற்கு இடமும் அதிகம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4; ஒவ்வொரு 120 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் பற்றும். முதல் சிலிண்டர் பற்றும் நிலையில் இருக்கும்போது அதன் ஜோடியான ஆறாவதின் ரெண்டு வால்வும் மேலே ஆடிக்கொண்டிருக்கும். மேஸ்திரிக்கு டிகிரி தெரியாது. "ஆறு ஆடுனா ஒண்ணு வையி, ரெண்டு ஆடுனா அஞ்சு வையி" என்று ஒரு வாய்ப்பாடு மாதிரி சொன்னார். அதே ஃபயரிங் ஆர்டர்தான். நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடப் பிசகில்லை.

மைக்கோ பம்ப் கடைக்குப் போய் டெஸ்ட் பெஞ்சில் ஏறி இறங்கி வந்தது. நாசில்களும்தான். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல் வெறுமனே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷரை ஏற்றினோம். முள் ஏறியது. ஸ்டாப்பரை விட்டார் பெரியப்பா. ரெண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை ஒரு நிமிஷம், அப்புறம் அதுவும் இல்லை. பெரியம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார்.

காலியாகவே ரெண்டு நாள் ஓட்டினோம். ஒரு குறையில்லை. மூணாம் நாள் முதல் லோடு.

ஏற்றத்தில்

காலனிக்குப் போகிற வழியில் ஒரு ஏற்றம் உண்டு. பாதி ஏறும்போது இஞ்சின் சத்தம் மெலிந்து, ரெண்டு முறை இடறி, நின்றுவிட்டது. பெரியப்பா ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். கை பம்பை அடித்து ஏர் எடுத்தோம். ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே. சாயங்காலம் இன்னொரு தடவை.

அந்த நாலு நாளை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஒண்ணரை லட்சம் போயிருக்கிறது. தெருவில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "நாசில் சரியில்ல." "கேஸ்கெட் அடிச்சிருச்சு." "பம்ப்பை மறுபடி எறக்குங்க." "கண்ணு பட்டிருச்சு, பூசணிக்கா ஒடைங்க." பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

பெரியப்பா பம்ப்பை இறக்கச் சொல்லிவிட்டார். மேஸ்திரி மட்டும் அசையவில்லை. "நிக்கறப்போ பொகை வந்துச்சா?"

"இல்லீங்ணா."

"டீசல் ஜாஸ்தின்னா கருப்பு வரும். ஆயில் போனா நீலம் வரும். பத்தாம போனா வெள்ளை வரும். பொகையே இல்லாம சாவுதுன்னா, அது பசியில சாவுது. பம்ப்பை விடு. சோறு வர்ற வழியைப் பாரு."

நான் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு அட்டவணை போட்டேன். எப்போது நின்றது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, லோடா காலியா, டீசல் டேங்க்கில் எவ்வளவு, புகை என்ன, ஏர் எடுத்தபோது குமிழ் வந்ததா. அஞ்சு தடவை நின்றதை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் குத்தியது. அஞ்சு தடவையும் டீசல் டேங்க் பாதிக்குக் கீழே. அஞ்சு தடவையும் ஃபில்டரில் குமிழ். நடுவில் ஒரு நாள் பெரியப்பா டேங்க்கை நிரப்பியிருந்தார். அன்றைக்கு நாலு லோடு போயும் வண்டி நிற்கவே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்தோம். ஸ்டாப்பர் கேபிள் தானாக இழுக்கிறதா? கழற்றிவிட்டுக் கட்டினோம்; நின்றது. டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறதா? மூடியைத் தளர்த்தி ஓட்டினோம், நின்றது. ஃபில்டர் புதுசு, பிரித்தாலும் சுத்தம். அடுத்து, ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தினார் மேஸ்திரி. நல்ல சிலிண்டரை வெட்டினால் இஞ்சின் தடுமாற வேண்டும், செத்த சிலிண்டரை வெட்டினால் மாற்றமே இருக்காது. ஆறும் ஒரே மாதிரி தடுமாறின. இஞ்சின் நலம். (இதை யாரும் வெறுங்கையோடு, முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டாம். அந்தப் பைப்பில் வருகிற டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.)

பிறகு வந்ததுதான் எனக்குப் பிடித்த சோதனை. டீசல் டேங்க்கிலிருந்து வருகிற லைனைக் கழற்றிவிட்டு, ஒரு பத்து லிட்டர் கேனைப் பக்கவாட்டில் உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு டியூப் கொடுத்தோம். முழு லோடோடு ஏற்றத்தில் விட்டோம். ஏறியது. திருப்பிக் கொண்டுவந்து மறுபடி விட்டோம். ஏறியது. மூணாவது தடவையும் ஏறியதும் மேஸ்திரி பீடியைப் பற்ற வைத்தார். அதோடு பம்ப், நாசில், ஹெட், கேஸ்கெட், பூசணிக்காய் எல்லாம் பட்டியலிலிருந்து அவுட். குற்றவாளி டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்.

ஆனால் அந்த நீளம் முழுக்க ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை. எல்லோரும் குழம்பிய இடம் இதுதான். ஃபீட் பம்ப் டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அதற்கு முன்னாலிருக்கும் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் சட்டை நனைவதில்லை, ஆனால் ஜூஸ் ஏறுவதில்லை அல்லவா? அதே கதை. டேங்க் நிறைந்திருக்கும்போது டீசலைத் தூக்க வேண்டிய உயரம் குறைவு, உறிஞ்சும் வேலை குறைவு, காற்றும் குறைவாகத்தான் புகும். மட்டம் இறங்க இறங்க வெற்றிடம் கூடும். லோடோடு ஏறும்போது டீசல் தேவையும் கூடும். ரெண்டும் சேர்கிற இடம் அந்த ஏற்றம்.

பழைய லைனையே மாட்டி, ஃபீட் பம்ப் வாயில் ஒரு ஜாண் கண்ணாடி டியூபைச் செருகி ஓடவிட்டோம். ஆக்சிலேட்டரை ஏற்றியதும் கடுகு கடுகாகக் குமிழ். முதலில் ரப்பர் ஹோஸை மாற்றினோம், குமிழ் நிற்கவில்லை. பிறகு சேசிஸ் ஓரமாக ஓடுகிற இரும்புப் பைப்பின் ரெண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் சைக்கிள் பம்ப்பால் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணி தடவிக்கொண்டே போனேன். வெளியே தெரிகிற இடத்திலெல்லாம் ஒன்றுமில்லை. மூணாவது கிளிப்புக்கு அடியிலிருந்து மட்டும் மெதுவாக ஒரு நுரை எட்டிப் பார்த்தது.

கிளிப்பைக் கழற்றினால், ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. முப்பத்தஞ்சு வருஷ அதிர்வில் கிளிப்பும் பைப்பும் உரசி உரசித் தேய்ந்த இடம். மண்ணும் துருவும் அடைத்துக்கொண்டிருந்திருக்கும். இஞ்சின் இறக்க பைப்பை நகர்த்தியதில் உதிர்ந்திருக்கும். புதுப் பைப் சில நூறு ரூபாய். கிளிப்புக்கு அடியில் டியூப் ரப்பரைச் சுற்றி மாட்டினோம். அன்றைக்கு டீசல் டேங்க் அடிமட்டத்தில் இருக்கும்போதே முழு லோடோடு ஏற்றத்தில் விட்டோம். வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

ஒரு கேள்வி

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா மட்டும் அந்தப் பழைய பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏங்ணா, ஏப்ரல்ல ஏத்தத்துல மூச்சு வாங்குனதும் இதுனாலதானோ? அப்ப இந்த ஓட்டைக்கா அவ செயினை வெச்சேன்?"

மேஸ்திரியிடம் பதில் இல்லை. நான் நோட்டை எடுத்தேன். முன்பக்கத்தில் 36 அளவுகள். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். "டீசல் பைப்புல ஓட்டை இருந்தா ஆயில் கொறையாது பெரிப்பா. நீலப் பொகை வராது. ஆயில் மூடி குதிக்காது. இது மூணாவது சிலிண்டர், இவ்ளோ தேஞ்சிருந்தது. இது கிராங்க், வட்டமாவே இல்ல. இதை விட்டிருந்தா பேரிங் அடிச்சு ராடு ஒடைஞ்சு பிளாக்கோட போயிருக்கும்." மூணு புகாரில் ரெண்டுக்கு இஞ்சின்தான் காரணம், சந்தேகமே இல்லை. மூணாவதில் இந்த ஓட்டைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதையும் சொன்னேன். மூணும் சேர்ந்து வந்ததால் எல்லாமே இஞ்சின் கணக்கில் போய்விட்டது.

"ஒரே ஒடம்புல ரெண்டு நோவு" என்றார் மேஸ்திரி. பெரியப்பா நோட்டை வாங்கி அந்த எண்களை வெகுநேரம் பார்த்தார். எண்கள் அவருக்கு என்ன சொல்லியதோ தெரியாது. எழுந்து போய் அந்தப் பழைய பைப்பைக் குப்பையில் போட்டார்.

இதைப் படிக்கிற ஜூனியர்களுக்கு ஒன்று. லேபில் கட்-செக்‌ஷன் இஞ்சினைச் சுற்றி நின்று ரெக்கார்டுக்குப் படம் மட்டும் வரைந்துவிட்டு வராதீர்கள். லைனர் மேல் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். ஃபீட் பம்ப்பிலிருந்து எந்தப் பைப்பில் உறிஞ்சுகிறது, எதில் தள்ளுகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். ஏதாவது ஓடாமல் நின்றால், கழற்றுவதற்கு முன்னால் எப்போதெல்லாம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு விடை கிடைத்தது வண்டி நிற்காமல் ஓடிய அந்த ஒரு நாளில்தான்.

எஃப்.சி. ஜூன் கடைசியில் கிடைத்துவிட்டது. நோட்டு இப்போது வண்டியில் இருக்கிறது. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில். அளவுகளுக்குக் கீழே பெரியப்பா தன் கையெழுத்தில் டீசல், ஆயில், கிலோமீட்டர் எழுதிவருகிறார். அவர் வாழ்நாளில் கணக்கு எழுதியதே இல்லை என்று பெரியம்மா சிரிக்கிறார். செயின் இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது. பாதி கட்டியாகிவிட்டது, தைக்குள் மீட்டுவிடலாம் என்று கணக்கு. போன வாரம் போனில் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"ஆயில் குச்சி ஒரு கோடு எறங்கல கண்ணு" என்றார். "நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், வந்து பாரு."